ஏழா, எட்டா? வானத்து ஆங்கிலம் பற்றிச் சில குறிப்புகள்

போன பொங்கலுக்கு போடிக்குப் போயிருந்தேன். சாயந்திரம் எல்லாரும் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். மேற்கே குரங்கணிப் பக்கம் மலை பாதி மேகத்துக்குள் போயிருந்தது. அக்கா மகள் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவள். இந்திய விமான நிலைய ஆணையம் ஆள் எடுக்கும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். கணக்கும் இயற்பியலும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பயம் வேறு இடத்தில்.

"மாமா, எழுத்துப் பரீட்சைக்கு அப்புறம் வாய்ஸ் டெஸ்ட் ஒண்ணு இருக்கு. அதையும் தாண்டி வேலைக்குச் சேர்ந்தா இங்கிலீஷ்ல லெவல் ஃபோர் வாங்கணுமாம். நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். எனக்கு ஆகுமா இதெல்லாம்?"

"அதெல்லாம் ஆகும்த்தா" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தெரியாமல் தைரியம் சொல்வது மாமன்மாருக்கு வழக்கம்தான். ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஊருக்குத் திரும்பிய பிறகு மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில், இந்த 'லெவல் ஃபோர்' எங்கிருந்து வந்தது, எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று தேடிப் படித்தேன். நான் விமானத் துறை ஆள் இல்லை. மென்பொருள் எழுதுகிறவன். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

ஹரியானா வயல்களில் தொடங்கியது

1996 நவம்பர் 12, மாலை 6.40 மணி வாக்கில், டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்று டெல்லியிலிருந்து கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்த சவூதி அரேபிய ஏர்லைன்ஸின் போயிங் 747. மற்றது கசகஸ்தானின் ஷிம்கென்ட் நகரத்திலிருந்து டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த இல்யூஷின் 76. சவூதி விமானத்தில் 312 பேர், கசாக் விமானத்தில் 37 பேர். மொத்தம் 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நடுவானில் நடந்த விமான மோதல்களில் இவ்வளவு உயிர் போனது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. சவூதி விமானத்தில் போனவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள், வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள்.

அன்றைக்கு நடந்ததை எளிமையாகச் சொன்னால் இதுதான். சவூதி விமானத்துக்குக் கொடுத்த உயரம் 14,000 அடி. கசாக் விமானத்துக்குக் கொடுத்தது 15,000 அடி. நடுவில் ஆயிரம் அடி இடைவெளி. எதிரே சவூதி விமானம் வருகிறது, பார்த்ததும் சொல்லுங்கள் என்று கட்டுப்பாட்டாளர் கசாக் விமானத்துக்கு எச்சரிக்கையும் கொடுத்தார். எவ்வளவு தூரம் என்று அவர்கள் கேட்டார்கள். தூரத்தையும், அது 14,000 அடி மட்டத்தில் இருப்பதையும் அவர் சொன்னார். கொஞ்ச நேரத்தில் திரையில் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகி மறைந்தன.

கசாக் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. அந்த விமானத்தில் ரேடியோவில் பேசுவதற்கென்று தனியாக ஓர் ஆபரேட்டர் இருந்தார். விமானம் ஓட்டியவர்கள் வேறு, ஆங்கிலம் பேசியவர் வேறு. ஆபரேட்டரின் இருக்கையில் உயரமானி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் உயரம் தெரிந்துகொள்ள வேண்டும். விமானம் கீழே வந்துவிட்டது என்று கடைசி நொடிகளில் அவருக்குப் புரிந்தபோது நேரம் கடந்துவிட்டது.

விசாரணை நடத்தியவர் நீதிபதி ஆர்.சி. லஹோட்டி. அப்போது டெல்லி உயர் நீதிமன்றத்தில் இருந்தார், பிறகு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனார். அனுமதி இல்லாமல் கசாக் விமானம் இறங்கியதுதான் மூல காரணம் என்று ஆணையம் சொன்னது. அதற்குத் துணை போனவை என்று சொன்னவற்றில் ஒன்று, கசாக் விமானிகளின் ஆங்கில அறிவுக் குறைவு. அதனால் கட்டுப்பாட்டு நிலையம் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டது. எதிரே வரும் விமானத்தின் உயரமாகச் சொன்ன எண்ணை, தங்களுக்கான உத்தரவாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று நினைக்க இடமிருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மொழி மட்டும்தான் காரணம் என்று இந்த விபத்தை முடித்துவிட முடியாது. அன்றைய டெல்லியில் வருகிற விமானத்துக்கும் போகிற விமானத்துக்கும் ஒரே வான்பாதை. மிச்ச வானம் பெரும்பாலும் விமானப் படையிடம் இருந்தது. கட்டுப்பாட்டாளரின் ரேடார் விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும், எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. உயரத்துக்கு விமானியின் வாய்ச்சொல்தான் ஆதாரம். மோதல் எச்சரிக்கைக் கருவி அன்று கட்டாயம் இல்லை. விபத்துக்குப் பிறகுதான் இந்தியாவில் அந்தக் கருவி கட்டாயமானது, டெல்லியில் வரவுக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனிப் பாதை வந்தது. இத்தனை ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வந்த அன்று, கடைசித் தடுப்பாக மிஞ்சியிருந்தது ரேடியோவில் பேசிய சொற்கள் மட்டும்தான். அதுவும் உடைந்தது.

இன்னொன்றும் எனக்கு முக்கியமாகப் பட்டது. அன்று அந்த அலைவரிசையில் இருந்தவர்களில் யாருக்குமே ஆங்கிலம் தாய்மொழி இல்லை. டெல்லிக்காரர், கசாக்காரர், சவூதி விமானத்தினர் எல்லாரும் ஆளுக்கொரு உச்சரிப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்றைய வானமும் அப்படித்தான்.

சொல்லால் விழுந்த விமானங்கள்

சர்க்கி தாத்ரிக்கு முன்பே இந்த மாதிரி நடந்திருக்கிறது. மூன்றை மட்டும் சொல்கிறேன். மூன்றும் மூன்று விதம்.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு. ஓடுபாதையில் அடர்ந்த மூடுபனி. டச்சு விமானம் ஒன்று அனுமதி வராமலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. துணை விமானி ரேடியோவில் சொன்னது, 'வீ ஆர் நவ் அட் டேக் ஆஃப்'. டச்சு மொழிப் பழக்கத்தில் அது 'கிளம்பிக்கொண்டிருக்கிறோம்' என்று அர்த்தப்படும் வாக்கியம். ஸ்பானியக் கட்டுப்பாட்டாளர் அதைக் 'கிளம்பும் இடத்தில் நிற்கிறோம்' என்று எடுத்துக்கொண்டு 'ஓகே' என்றார். பிறகு காத்திருக்கச் சொன்னார். அதே நொடியில் எதிரே பாதையில் இருந்த பான் ஆம் விமானமும் பேசியதால் இரண்டு குரலும் மோதி, டச்சு விமானத்துக்குக் கேட்டது வெறும் கீச்சுச் சத்தம். 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 'டேக் ஆஃப்' என்ற சொல்லைக் கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறு எங்கும் சொல்லக்கூடாது என்று வழக்கம் வந்தது. மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்'தான்.

1990 ஜனவரி 25, நியூயார்க். கொலம்பியாவின் அவியாங்கா விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. எமர்ஜென்சி என்று சொல்லச் சொல்லி கேப்டன் தன் துணை விமானியிடம் ஸ்பானிஷில் சொன்னார். துணை விமானி ரேடியோவில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார், 'எமர்ஜென்சி' என்ற சொல்லைச் சொல்லவில்லை. கேட்ட கட்டுப்பாட்டாளருக்கு அது அன்றைக்கு எல்லாரும் சொல்லும் சாதாரணப் புலம்பலாகப் பட்டது. எஞ்சின்கள் அணைந்து விமானம் விழுந்ததில் 73 பேர் இறந்தார்கள். அவருடைய ஆங்கில இலக்கணத்தில் பிழை இல்லை. சொல்லவேண்டிய ஒரு சொல் வரவில்லை.

1989 பிப்ரவரி 19, கோலாலம்பூர் பக்கம் சுபாங். அமெரிக்கச் சரக்கு விமானம், போயிங் 747. 2,400 அடிக்கு இறங்கச் சொல்வதற்குக் கட்டுப்பாட்டாளர் 'டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார். 'டூ' என்பது இரண்டா, 'வரைக்கும்' என்ற அர்த்தமா? விமானிகள் இரண்டாவதாக எடுத்துக்கொண்டார்கள். 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று 400 அடியைத் திருப்பிச் சொன்னார்கள். தப்பு திரும்பி வந்ததைக் கட்டுப்பாட்டாளர் கவனிக்கவில்லை. தரை நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி அலறியும் இவர்கள் பொருட்படுத்தவில்லை. விமானம் குன்றில் மோதி 4 பேரும் இறந்தார்கள். 'டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்' என்று சொல்லியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

சுபாங் விபத்தை நான் வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்தேன். தப்பாகக் கேட்டவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டின் விமானிகள். தமிழ் மீடியத்தில் படித்த யாரும் அந்த அறையில் இல்லை.

போடி ஜீப்பும் ரீட்பேக்கும்

அக்கா வீட்டுக்காரர் பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். தினமும் காலையில் போடியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு ஏறும். முதல் நாள் ராத்திரி தோட்டத்திலிருந்து ஜீப் டிரைவருக்குப் போன் போகும். மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.

"நாளைக்குப் பதினேழு ஆளு."

"பதினெட்டா?"

"இல்லப்பா, பதினேழு. ஒண்ணு, ஏழு. செவன்டீன்."

"சரிண்ணே, ஒண்ணு ஏழு."

பதினேழும் பதினெட்டும் இரைச்சலில் ஒரே மாதிரி கேட்கும். ஏழும் எட்டும் அப்படித்தான். ஓர் ஆள் கூடுதலாக வந்தால் அவருக்கு அன்றைக்குக் கூலி போச்சு. குறைந்தால் காய் பறிப்பு நிற்கும். அதனால் மனிதர் தானாகவே ஒரு முறை கண்டுபிடித்து வைத்திருக்கிறார். எண்ணை உடைத்துத் தனித்தனி இலக்கமாகச் சொல்வது. எதிராளி அதையே திருப்பிச் சொல்லும்வரை போனை வைக்காமல் இருப்பது.

விமான ரேடியோவில் இருப்பதும் இதேதான், இன்னும் கறாராக. மட்டத்தை 'ஒன் ஃபைவ் ஸீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். உயரம், திசை, வேகம், ஓடுபாதை எண், காற்றழுத்த அளவு, அனுமதிகள் எல்லாவற்றையும் விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்கு ரீட்பேக் என்று பெயர். அது சரியா என்று காது கொடுத்துக் கேட்பது கட்டுப்பாட்டாளரின் வேலை. அதற்கு ஹியர்பேக். சுபாங்கில் ரீட்பேக் நடந்தது, ஹியர்பேக் நடக்கவில்லை.

என்னைப் போல நெட்வொர்க் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 'ராஜர்' என்பது வெறும் ஏ.சி.கே. உங்கள் செய்தி முழுசாக வந்து சேர்ந்தது என்று மட்டும் அர்த்தம். 'சரி, செய்கிறேன்' என்று அர்த்தம் இல்லை. அதற்கு 'வில்கோ' என்று தனிச் சொல். 'ஆமாம்' என்பதற்கு 'அஃபர்ம்'. 'முடியாது' என்பதற்கு 'அனேபிள்'. நம் சினிமாவில் எல்லாவற்றுக்கும் 'ராஜர், ராஜர்' என்பார்களே, அது அர்த்தம் இல்லாத பேச்சு.

உச்சரிப்புக்கும் விதி உண்டு. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐக்காவோ, எண்களை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன்படி மூன்று 'ட்ரீ'. ஐந்து 'ஃபைஃப்'. ஒன்பது 'நைனர்', ஏனென்றால் இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றுபோலக் கேட்கும். ஆயிரம் 'டவ்ஸண்ட்'. 'த்ரீ'யில் நாக்கு பல்லுக்கு நடுவே வரவேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பில் என்னை எத்தனை முறை எழுப்பி நிறுத்தியிருப்பார்கள்! அந்த ஒலி ரேடியோவில் சரியாக ஏறாது, உலகத்தில் பாதிப் பேருக்கு வாயிலும் வராது என்று வானத்தில் அதையே தூக்கிவிட்டார்கள்.

ஆறு படி, ஆறு கண்

சொற்றொடர்கள் இவ்வளவு கறாராக இருந்தால் தனியாக ஆங்கிலத் தேர்வு எதற்கு? இந்தச் சொற்றொடர்கள் எல்லாம் வழக்கமாக நடப்பவற்றுக்குத்தான். பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி, சக்கரம் ஒன்று இறங்கவில்லை, ஓடுபாதையில் மயில் நிற்கிறது என்றால் அதற்கெல்லாம் சூத்திரம் கிடையாது. சொந்தமாகப் பேச வேண்டும். அவியாங்கா விமானம் விழுந்தது இந்த இடத்தில்தான்.

சர்க்கி தாத்ரிக்கு இரண்டு வருடம் கழித்து, 1998-இல் ஐக்காவோ பொதுச்சபை மொழித் திறனை வலுப்படுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. 2003-இல் விதிகள் வந்தன. 2008 மார்ச் 5 முதல், சர்வதேசப் போக்குவரத்தில் இருக்கும் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் லெவல் ஃபோராவது காட்ட வேண்டும் என்றானது. எல்லா நாடுகளும் தயாராக இல்லாததால் 2011 மார்ச் வரை அவகாசம் கொடுத்தார்கள்.

மொத்தம் 6 லெவல். முதல் மூன்றும் போதாது. நான்காவதுக்குப் பெயர் ஆபரேஷனல், வேலைக்கு ஆகும். ஐந்து அதற்கு மேல். ஆறு எக்ஸ்பர்ட். பார்ப்பது 6 விஷயம்:

1. உச்சரிப்பு
2. வாக்கிய அமைப்பு
3. சொல்வளம்
4. சரளம்
5. கேட்டுப் புரிதல்
6. பரிமாற்றம், அதாவது கேள்விக்குப் பதில் சொல்வதும் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதும்

இதில் கவனிக்க வேண்டியது, கூட்டிச் சராசரி எடுப்பதில்லை. ஆறில் எது குறைவோ அதுதான் உங்கள் லெவல். ஐந்து இடத்தில் 5 வாங்கி ஒரே இடத்தில் 3 வாங்கினால் நீங்கள் லெவல் த்ரீ. சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியில்தான் என்ற கணக்கு. லெவல் ஃபோர் வாங்கியவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறையும், லெவல் ஃபைவ் ஆறு வருடத்துக்கு ஒருமுறையும் மறுபடி எழுதவேண்டும் என்பது ஐக்காவோவின் பரிந்துரை. ஆறுக்கு மறுதேர்வு இல்லை.

இப்போது என் அக்கா மகளின் கேள்விக்கு வருகிறேன். லெவல் ஃபோரில் உச்சரிப்புக்கு என்ன எழுதியிருக்கிறது? தாய்மொழியின் சாயல் இருக்கலாம், ஆனால் எப்போதாவது மட்டும்தான் அது புரிதலுக்குத் தடையாக இருக்க வேண்டும். சாயல் இருக்கவே கூடாது என்று எந்தப் படியிலும் இல்லை. ஆறாவது படியில்கூட, சாயல் இருந்தாலும் அது புரிதலைக் கிட்டத்தட்ட ஒருபோதும் தடுக்கக்கூடாது என்றுதான் இருக்கிறது. பி.பி.சி.க்காரர் மாதிரி பேச வேண்டியதில்லை. பாங்காக் விமானிக்கும் துபாய் விமானிக்கும் ஒரே தடவையில் புரிய வேண்டும்.

சொல்வளம் என்ற தலைப்பிலும் அகராதி மனப்பாடம் கேட்கவில்லை. சொல் தெரியாவிட்டால் சுற்றி வளைத்தாவது சொல்லத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். மயிலுக்கு இங்கிலீஷ் மறந்துபோச்சா? 'பிக் பேர்ட், லாங் டெயில், ஸ்டாண்டிங் ஆன் த ரன்வே' என்றால் போதும், விமானி சுதாரித்துக்கொள்வார். சரளம் என்ற தலைப்பில் பார்ப்பது, பழகிய சூத்திரத்திலிருந்து சொந்தப் பேச்சுக்கு மாறும்போது வண்டி எவ்வளவு திணறுகிறது என்பதை. கொஞ்சம் திணறலாம், நின்றுவிடக் கூடாது. பரிமாற்றம் என்ற தலைப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. புரியாதபோது கேட்டு, சரிபார்த்து, தெளிவாக்கிக்கொள்ளத் தெரிகிறதா என்று அதில் மதிப்பெண் போடுகிறார்கள். 'ஸே அகெய்ன்' என்று கேட்பது இங்கே குறை இல்லை, திறமையில் சேர்த்தி.

நான் 'ஓகே' சொன்ன ராத்திரி

இதைப் படித்தபோது பல வருடத்துக்கு முந்தைய ஒரு ராத்திரி ஞாபகத்துக்கு வந்தது. அப்போது வேறொரு கம்பெனி. நள்ளிரவு கான்ஃபரன்ஸ் கால், அந்தப் பக்கம் அமெரிக்கர்கள். இரண்டாவது சர்வரை மறுபடி துவக்குவது பற்றிப் பேச்சு. அவர் சொன்னது 'வீ கான்ட் ரீஸ்டார்ட் இட் நவ்'. அமெரிக்கர்கள் அந்தக் கடைசி 'ட்'டை விழுங்கிவிடுவார்கள். எனக்குக் கேட்டது 'வீ கேன்'. சரியாகக் கேட்கவில்லை என்று எனக்கே தெரியும். ஆனால் ஏற்கெனவே அந்தக் காலில் இரண்டு தடவை 'சாரி?' கேட்டிருந்தேன். மூன்றாவது தடவை கேட்க வெட்கம். 'ஓகே' என்றேன். துவக்கினேன். நாற்பது நிமிஷம் வாடிக்கையாளர்கள் யாருக்கும் எதுவும் வேலை செய்யவில்லை.

மறுநாள் அறிக்கையில் 'தகவல் தொடர்பு இடைவெளி' என்று எழுதினார்கள். என்னை உச்சரிப்புப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். நான் பேசியதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை, நான் கேட்டதில்தான் வந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. உத்தரவைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் கை வைக்கணும் என்று ஒரு விதி போட்டிருந்தால் ஒரு பைசா செலவில்லை. அதைச் செய்யவில்லை. விமானத்தில் 'கான்ட்' என்ற வம்பே வேண்டாம் என்று 'அனேபிள்', 'நெகடிவ்' என்று வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்தபோது என்னவோ செய்தது. சிலர் இறந்த பிறகுதான் அவர்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் கற்றுக்கொண்டார்கள்.

தேர்வில் உள்ள ஓட்டைகள்

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஐக்காவோ அளவுகோலைக் கொடுத்தது, தேர்வைக் கொடுக்கவில்லை. தேர்வு நடத்துவது அந்தந்த நாட்டின் பொறுப்பு. ஐரோப்பாவில் யூரோகன்ட்ரோல் உருவாக்கிய எல்பாக் போன்ற நல்ல தேர்வுகள் இருக்கின்றன. ஆனால் மொழித் தேர்வு ஆய்வில் பெரிய பெயரான லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஆல்டர்சன், உலகம் முழுக்க இந்தத் தேர்வுகளை நடத்துபவர்களிடம் விவரம் கேட்டு 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரும்பாலான தேர்வுகளின் தரத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஒரு நாட்டின் லெவல் ஃபோரும் இன்னொரு நாட்டின் லெவல் ஃபோரும் ஒன்றுதானா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. பிற்பாடு ஐக்காவோ விரும்பி வரும் தேர்வுகளைப் பரிசோதித்து அங்கீகரிக்க ஒரு ஏற்பாடு செய்தது.

இரண்டாவது ஓட்டை, மனப்பாடம். மாதிரிக் கேள்வி-பதில் புத்தகம் போட்டு விற்பது நமக்குப் புதுசா என்ன? படத்தைப் பார்த்து விவரிக்கச் சொன்னால் ஏற்கெனவே உருப்போட்டதை ஒப்பிக்கலாம். நல்ல தேர்வாளர் நடுவில் ஒரு கேள்வி போட்டு ஓட்டத்தை உடைப்பார். அப்போது தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஆங்கிலம் தாய்மொழி ஆனவர்கள். லெவல் சிக்ஸ் கொடுத்துவிட்டு மறுபடி சோதிப்பதே இல்லை. அவர்கள் வேகமாக, ஊர்வழக்கில், சூத்திரத்தை விட்டு விலகிப் பேசினால் சிரமப்படுவது எதிராளி. கொரிய விமானிகளையும் கட்டுப்பாட்டாளர்களையும் வைத்து ஹெய்ஜியாங் கிம், கேத்தரின் எல்டர் இருவரும் 2009-இல் எழுதிய ஆய்வில் இந்தக் குறை வெளிப்படையாக வந்திருக்கிறது. புரிந்துகொள்வது இரண்டு பக்கத்தின் பொறுப்பு, தேர்வோ பாரத்தை ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கிறது. என் கான்ஃபரன்ஸ் கால் கதையும் இதுதானே!

நம் ஊரில்

இந்தியாவில் விமானி ஆக விரும்புபவர்கள் இரண்டைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று ஆர்.டி.ஆர். எனப்படும் ரேடியோ தேர்வு. அது சூத்திரச் சொற்றொடர்களும் விதிமுறைகளும் தெரியுமா என்று பார்ப்பது. பல காலமாகத் தொலைத்தொடர்புத் துறை நடத்தி வந்தது. 2025 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டத்துக்குப் பிறகு அது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம், அதாவது டி.ஜி.சி.ஏ.விடம் வந்துவிட்டது. இன்னொன்று நான் இவ்வளவு நேரம் சொன்ன ஐக்காவோ மொழித் திறன் தேர்வு. முதலாவதில் தேறியவருக்கு இரண்டாவது தானாக வந்துவிடாது.

கட்டுப்பாட்டாளர் வேலைக்கு இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. அல்லது பொறியியல் பட்டம் போதும். எழுத்துத் தேர்வு, பிறகு குரல் தேர்வு. குரல் தெளிவாக இருக்கிறதா, ஆங்கிலத்தில் தடங்கல் இல்லாமல் பேச வருகிறதா என்று பார்ப்பார்கள். தேர்ந்தவர்களுக்குப் பிரயாக்ராஜ், ஹைதராபாத், கோந்தியா போன்ற இடங்களில் பயிற்சி. அதன் பிறகு காதில் ஹெட்செட்டை மாட்டினால், சென்னை நிலையத்தின் வான்பரப்பு வங்காள விரிகுடாவுக்குள் வெகுதூரம் போகிறது. சிங்கப்பூர், கொழும்பு, துபாய், பாங்காக் என்று எல்லா ஊர்க் குரலும் அதில் வரும். அங்கே தமிழ்ச் சாயல் பத்தோடு பதினொன்று.

நான் படித்ததை எல்லாம் சுருக்கி அவளிடம் போனில் சொன்னேன். மூன்றே விஷயம். ஒன்று, உச்சரிப்பை மாற்ற முயற்சி செய்யாதே. வேகத்தைக் குறை, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காதே. நாம் ப-வையும் ப-வையும், அதாவது பந்தின் ப-வையும் பஸ்ஸின் ப-வையும் ஒரே எழுத்தில் எழுதிப் பழகியவர்கள், அந்த இடங்களை மட்டும் காது வைத்துப் பழகு. இரண்டு, கேட்பதற்குத்தான் அதிக நேரம் கொடு. பல நாட்டு உச்சரிப்பைக் கேள். மூன்று, தெரியாத சொல்லைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பழகு.

இப்போது ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு எங்களுக்குப் போனில் பயிற்சி. நான் பின்னால் மிக்ஸியை ஓடவிட்டு எண்களைப் படிப்பேன், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வப்போது வேண்டுமென்றே தப்பான ரீட்பேக்கை நான் கொடுப்பேன், அவள் பிடிக்க வேண்டும். பிறகு ஏதாவது ஓர் அசம்பாவிதம் சொல்வேன், ஆங்கிலத்தில் விவரிக்க வேண்டும். போன வாரம், ஓடுபாதையில் ஜீப் கவிழ்ந்து ஏலக்காய் மூட்டை சிதறிக் கிடக்கிறது என்று கொடுத்தேன். 'ஸ்மால் கிரீன் சீட்ஸ், மெனி பேக்ஸ், ரன்வே நாட் சேஃப்' என்றாள். போதும், அந்த விமானம் இறங்காது.

முதல் இரண்டு வாரம் கேட்காதபோதெல்லாம் "சாரி மாமா, சாரி மாமா" என்று கொண்டிருந்தாள். நான் நிறுத்தச் சொன்னேன். வானத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. இப்போது தயங்காமல் 'ஸே அகெய்ன்' என்கிறாள். ஒரே செய்தியை மூன்று தடவை கூடக் கேட்கிறாள். தேர்வு அறிவிப்பு இன்னும் வரவில்லை. வந்து, எழுதி, முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன்.